எக்ஸ் வகுப்பு என்றதும் எதற்கு இத்தனை பரபரப்பு?

சூரியனில் எக்ஸ் வகுப்புச் சுடர் (ஏ, பி, சி, எம், எக்ஸ் என்ற வலிமை வரிசையில் உச்சமான திடீர் ஒளிவெடிப்பு) ஒன்று வெடித்துவிட்டால் போதும், பூமிக்கு ஆபத்து என்று செய்திகள் வரிசைகட்டுகின்றன. அதே சூரியனில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் இழை அப்படியே பெயர்ந்து விண்வெளிக்குப் பறந்தால், அது பெரும்பாலும் யாருக்கும் செய்தியாவதில்லை. கவனிக்க வேண்டியதை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் கொதிக்கும் கொரோனா என்ற சூரியனின் வெளி வளிமண்டலத்துக்குள், பத்தாயிரம் டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில், சுற்றுப்புறத்தைவிடச் சுமார் நூறு மடங்கு அடர்த்தியாக மிதக்கும் பிளாஸ்மாதான் (மின்னேற்றம் பெற்ற வாயு) சூரிய இழை. எதிரெதிர்க் காந்த முனைப் பகுதிகள் சந்திக்கும் எல்லைக்கு மேலே அதைத் தாங்கி நிற்பது காந்தப்புலம். ஹைட்ரஜனுக்கே உரிய சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி வழியே பார்த்தால் சூரிய வட்டின் மேல் கருங்கோடாகத் தெரியும்; சூரியன் சுழன்று அதே இழை விளிம்புக்கு வந்ததும், இருண்ட பின்னணியில் செந்நிற வளைவாக ஒளிரும். வாரக்கணக்கில் அமைதியாகக் கிடந்த இழை மெல்ல உயரத் தொடங்கி, ஒரு கட்டத்தில் சட்டென்று வேகமெடுக்கிறது.

எழும் இழை தன்னைப் போர்த்தியிருந்த காந்தக் கோடுகளையும் இழுத்துச் செல்வதால், அதன் அடியில் எதிரெதிர்த் திசைக் கோடுகள் நெருங்கி, அறுந்து, புதிதாக இணைகின்றன. அங்கே விடுபடும் ஆற்றல் எலெக்ட்ரான்களைக் கீழே விரட்ட, அவை மோதும் இடங்கள் இரண்டு இணையான ஒளிப்பட்டைகளாகச் சுடர்ந்து, நேரம் செல்லச் செல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. கார்மைக்கேல், ஸ்டர்ராக், ஹிராயாமா, காப், நியூமன் ஆகியோர் 1964 முதல் 1976 வரை படிப்படியாக வகுத்த விளக்கம் இது. அந்த மறு இணைப்பே இழையை மேலும் உந்தித் தள்ளுவதால், எது எதற்குக் காரணம் என்று கறாராகப் பிரிப்பது வீண்வேலை. தேங்கிய ஒரே காந்த ஆற்றலின் இரண்டு செலவினங்கள் அவை.

செலவு எப்போதும் சரிபாதியாகப் பிரிவதில்லை. 2012 ஆகஸ்ட் 31 அன்று வெடித்த நீண்ட இழை வினாடிக்கு 1,400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பொருளை வீசியது; அதன் ஒரு பகுதி பூமியை உரசிச் சென்றதற்கே செப்டம்பர் 3 இரவில் துருவ ஒளி தெரிந்தது. உடன் வந்த சுடரோ வெறும் சி வகுப்பு. மாறாக, 2014 அக்டோபரில் 12192 என்ற பிரம்மாண்டமான கரும்புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் வகுப்புச் சுடர்களை உமிழ்ந்தும், அவை குறிப்பிடத்தக்க பொருள் வெளியேற்றம் எதையும் தரவில்லை. மேலே கவிந்திருந்த வலுவான காந்தப்புலம் எதையும் தப்பவிடவில்லை. 2002 மே 27 அன்று எம் வகுப்புச் சுடருடன் கிளம்பிய ஓர் இழைகூடப் பாதி வழியில் நின்று, அதன் பொருள் கீழே வழிந்துவிட்டது.

எக்ஸ் வகுப்பு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. அதன் எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடங்களில் வந்து, பகல் பக்கத்தில் சிற்றலை வானொலித் தொடர்பைத் துண்டிக்கும். ஆனால் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும் காந்தப் புயலைத் தீர்மானிப்பவை, வரும் பிளாஸ்மாவின் வேகமும் திசையும், அது சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியதா (அப்போதுதான் பூமியின் காந்தப்புலத்தோடு எளிதில் இணையும்) என்பதும்தான். இதில் கடைசிக் கேள்விக்கு, இழையின் முறுக்கு வலமா இடமா என்பதிலிருந்து வெடிப்புக்கு முன்பே ஓரளவு துப்புக் கிடைக்கிறது. சுடரின் வகுப்பு எழுத்திலிருந்து அது கிடைப்பதில்லை.