மேல்சபைன்னா அவ்வளவு இளக்காரமா?

நேத்து அந்த கமெண்ட்டை நீங்க எல்லாரும் பார்த்தீங்க. பெங்களூர்ல கர்நாடகச் சட்டசபையும் (கீழ்சபை) மேல்சபையும் கூடற விதான சௌதா மேல சாயங்கால வெயில் விழுந்த படம் ஒண்ணு போட்டேன், அவ்வளவுதான். "பாதிக் கட்டடம் தோத்தவங்களுக்குப் போட்ட திண்ணை"ன்னு ஒருத்தர் எழுதிட்டுப் போயிட்டார். அதுக்கு விழுந்த சிரிப்புல ரெண்டு என் சொந்தக்காரங்களோடது. பார்த்தேன்.

ஐயா, கர்நாடக மேல்சபையில 75 பேர். எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கறது 25, உள்ளாட்சிக்காரங்க 25, பட்டதாரிகள் 7, ஆசிரியர்கள் 7, நியமனம் 11. தேர்தல்ல தோத்தவங்க மேல்சபைக்குள்ள நுழையறாங்களான்னா நுழையறாங்க, இல்லைன்னு சொல்லல. கீழ்சபையில இருக்கற 224 பேரும் உத்தமர்கள்னே வெச்சுக்குவோம். மேல்சபையை மட்டும் இளக்காரமா பேசாதீங்க.

2024 ஜூன்ல பட்டதாரி தொகுதிக்கு நானும் ஓட்டுப் போட்டேன். பட்டம் வாங்கி 3 வருஷம் ஆகியிருக்கணும், ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுசா பேர் சேர்க்கணும். மெஷின் கிடையாது. சீட்டும் ஊதா ஸ்கெட்ச் பேனாவும் கொடுப்பாங்க, பேருக்கு நேரா 1, 2, 3ன்னு எழுதணும். சொந்தப் பேனாவுல எழுதினா செல்லாது. ஒத்தை '1' எழுத எனக்குக் கை நடுங்குச்சு. சிரிக்கறவங்க சிரிங்க.

"தமிழ்நாட்டுல மேல்சபையை 1986லயே கலைச்சாச்சு, என்ன குடி முழுகிப் போச்சு?" முழுகல. அப்புறம் 2010ல திரும்பக் கொண்டுவர ஏன் அலைஞ்சாங்க? ஆந்திராவுல மாநிலத்துக்கு மூணு தலைநகர் வைக்கற மசோதாவுக்கு மேல்சபை குறுக்க நின்னுச்சு. உடனே 2020ல கலைக்கச் சொல்லித் தீர்மானம். அடுத்த வருஷம் அதே அரசு வாபஸ். குறுக்க நின்னாதான் தண்டச் செலவு ஞாபகத்துக்கு வரும் போல.

"கீழ்சபை அனுப்பற மசோதாவை முதல்ல 3 மாசம், மறுபடி வந்தா 1 மாசம், அதுக்கு மேல நிறுத்த முடியாத சபை எதுக்கு?" நாலு மாசம் ஊர் பேசும்ல, போதாதா? போதாதுன்னா போங்க. திண்ணைன்னு மட்டும் சொல்லாதீங்க.

எங்கம்மா பெங்களூர்ல தமிழ் மீடியம் பிரைமரி ஸ்கூல் டீச்சர், 31 வருஷம். ஆசிரியர் தொகுதியில அவங்களுக்கு ஓட்டு இல்ல. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்துல பாடம் நடத்தறவங்களுக்குத்தான் ஓட்டுன்னு அரசியல் சட்டம் 171-வது பிரிவுலயே எழுதி வெச்சிருக்கு. அம்மா டிகிரியும் படிக்கல, அதனால பட்டதாரி ஓட்டும் இல்ல. பக்கத்துக் கட்டடத்து ஹைஸ்கூல் டீச்சருங்க ஓட்டுப் போட்டுட்டு வந்து பேசிக்குவாங்க, அம்மா ஒரு ஓரமா நோட்டு திருத்திக்கிட்டு இருப்பாங்களாம். 'அ'னா போடக் கத்துக்கொடுத்தவங்க கணக்குலயே வரலை. இதைக் கேளுங்கய்யா, நானும் கூட நின்னு கேக்கறேன். இதைக் கேக்க ஒருத்தர் இல்ல, திண்ணையாம்.

பஸ் விதான சௌதாவைத் தாண்டும்போதெல்லாம் முகப்புல இருக்கற "சர்க்காரத கெலச தேவர கெலச"வை (அரசாங்க வேலை கடவுள் வேலை) அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க, எங்களுக்குக் கன்னடம் சொல்லித்தர.

நான் ஓட்டுப் போட்டுட்டு வந்த அன்னைக்கு யாருக்குப் போட்டேன்னு அம்மா கேக்கல. "அந்த ஊதா பேனாவை வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டாங்களா?"ன்னுதான் கேட்டாங்க.