மாதக் கேட்போர் எண்ணிக்கை ஒரு பேண்டின் ஆயுள் அல்ல

அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'இன்னும் உயிரோடு இருக்கும் பத்து ராக் பேண்டுகள்' என்று தலைப்புப் போட்டு, பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபையின் மாதக் கேட்போர் எண்ணிக்கையை மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தார்கள். அதோடு நின்றிருந்தால் கடந்து போயிருக்கலாம். 'இதில் இல்லாததெல்லாம் செத்த பேண்டுகள், அழுகிறவர்கள் அழுதுகொள்ளலாம்' என்று கடைசியில் ஒரு வரி. பழைய பிரிட்டிஷ் ராக் பேண்டான பிளாக் சப்பாத் ஏன் இல்லை என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். 'யார் அது?' என்று பதில் வந்தது, அதற்குக் குவிந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்தேன். கோபமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்த எண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசி 28 நாட்களில் அந்தப் பேண்டின் ஏதாவது ஒரு பாட்டைக் கேட்ட தனித்தனி ஆட்களின் கணக்கு அது. அவ்வளவுதான். ஒருவர் தினமும் ஆல்பம் ஆல்பமாகக் கேட்டாலும் கணக்கில் ஒரே ஆள். ஏதோ வேலைக்கு நடுவே ஓடிய பிளேலிஸ்டில் பேண்டின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு பாட்டைக் கேட்டவரும் ஒரே ஆள். பெரிய பிளேலிஸ்டில் ஒரு பாட்டைச் சேர்த்தால் எண் ஏறும், எடுத்துவிட்டால் இறங்கும். கூட்டுப் பாட்டுகளும் இதில் அடக்கம். கோல்ட்ப்ளே 2017இல் செயின்ஸ்மோக்கர்ஸுடனும் 2021இல் பிடிஎஸ்ஸுடனும் சேர்ந்து செய்த பாட்டுகளைத் தேடி வருகிறவர்களும் கோல்ட்ப்ளேயின் கேட்போராகவே எண்ணப்படுகிறார்கள். கோல்ட்ப்ளேயைக் குறைத்துச் சொல்லவில்லை, நல்ல பேண்ட். ஆனால் ரயில் நிலையத்தைக் கடந்துபோனவர்களை எண்ணிவிட்டு, இதுதான் இந்த ஊரின் குடித்தனக் கணக்கு என்று அறிவிக்காதீர்கள் என்கிறேன்.

சரி, மாதக் கணக்கு வேண்டாம், மொத்தக் கேட்பை எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அதிலும் ஓட்டை இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2008இல் தொடங்கியது. லெட் செப்பலின் அதற்குள் வந்தது 2013 டிசம்பரில். ஏசி/டிசி 2015 ஜூனில். பீட்டில்ஸ் 2015 டிசம்பர் 24 அன்று. டூல் 2019 ஆகஸ்ட் வரை வரவே இல்லை. முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்த பேண்டையும் ஐந்து, ஏழு, பதினோரு வருஷம் தாமதமாக வந்தவர்களையும் ஒரே தராசில் வைத்தால் வருவது ஒப்பீடே அல்ல. டூல் விஷயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். 2006க்குப் பிறகு புது ஆல்பம் இல்லை, ஸ்ட்ரீமிங்கில் ஆளே இல்லை. இந்தப் பட்டியல்காரர்களின் கணக்கில் டூல் செத்துப் புதைந்த பேண்ட். அதே 2019இல் 13 வருஷ இடைவெளிக்குப் பிறகு ஆல்பம் போட்டார்கள். பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டுகள் நிறைந்த ஆல்பம் அது. அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200இல் முதலிடத்தில் இருந்த டெய்லர் ஸ்விஃப்டை இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. அந்தக் கூட்டம் அதுவரை எங்கே இருந்தது? ஸ்ட்ரீமிங் எண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

'எண் பொய் சொல்லாது' என்று எழுதியவர்களுக்கு இன்னொன்று. எண் பொய் சொல்ல வேண்டியதில்லை, எதை எண்ணுகிறோம் என்ற விதியை மாற்றினாலே போதும். பிங்க் ஃப்ளாய்டின் டார்க் சைட் ஆஃப் த மூன் 1973இல் வந்தது. 1988 வரை 741 வாரம் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இருந்தது. 1991இல் பில்போர்டு ஒரு விதி கொண்டுவந்தது. வந்து சில வருஷம் ஆகி, பட்டியலின் கீழ்ப்பாதிக்கு இறங்கிவிட்ட பழைய ஆல்பங்களைப் பிரதான பட்டியலிலிருந்து எடுத்துத் தனிப் பட்டியலுக்குத் தள்ளினார்கள். 2009இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது அவருடைய பழைய ஆல்பங்கள் பிரதான பட்டியலின் முதலிடத்தைவிட அதிகமாக விற்றன. ஆனால் விதிப்படி பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. அந்த வருஷம் டிசம்பரில்தான் விதியை எடுத்தார்கள். அதாவது, 18 வருஷமாகப் பழைய ராக் ஆல்பங்கள் பட்டியலில் தெரியாமல் போனதற்கு, கேட்க ஆள் இல்லாதது மட்டுமே காரணம் அல்ல. அந்தக் காலப் பட்டியல்களைக் காட்டி 'பாருங்கள், மறந்துவிட்டார்கள்' என்பவர்களுக்கு இந்த விதி தெரியுமா?

விற்பனைச் சான்றிதழும் அப்படித்தான். அமெரிக்கப் பிளாட்டினம் என்பது பத்து லட்சம் யூனிட். பாட்டை வெளியிட்ட நிறுவனம் தானே விண்ணப்பித்து, தணிக்கை செய்து வாங்க வேண்டும். விண்ணப்பிக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. இரட்டை ஆல்பம் என்றால் ஒரு பிரதி இரண்டாக எண்ணப்படும். த வால் ஆல்பத்தின் 23 மடங்கு பிளாட்டினத்தில் பாதிதான் உண்மையான பிரதிகள். இப்போது ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்துவிட்டது. 2016 முதல் 1500 கேட்பு ஒரு ஆல்பத்துக்குச் சமம். ஒரே பாட்டை 1500 தடவை கேட்டாலும் ஆல்பம் விற்றதாகவே கணக்கு.

நான் சொல்லவருவது இதுதான். ஒரு பாட்டு நிலைப்பது வேறு, ஒரு பேண்ட் நிலைப்பது வேறு. அந்தப் பட்டியல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

ஜர்னியின் டோன்ட் ஸ்டாப் பிலீவின் 1981இல் அமெரிக்காவில் ஒன்பதாம் இடம் வரைக்கும்தான் வந்தது. 2007இல் த சோப்ரானோஸ் தொடரின் கடைசிக் காட்சி, 2009இல் க்ளீ தொடர். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஜர்னியின் அடுத்த ஐந்து பாட்டுகளைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் செவன் நேஷன் ஆர்மி 2003. பாஸ் கிடார்போல ஒலிப்பது உண்மையில் சுரத்தை ஒரு ஸ்தாயி கீழிறக்கும் பெடல் வழியாக வந்த கிடார். ஏழே சுரம். 2006 உலகக் கோப்பையில் இத்தாலி ரசிகர்கள் பாடியதிலிருந்து கால்பந்து மைதானங்களின் பொதுச் சொத்தாகிவிட்டது. அதைக் கத்துகிறவர்களில் பலருக்கு அது ஒரு பேண்டின் பாட்டு என்பதே தெரியாது. பேண்ட் 2011இல் கலைந்துவிட்டது. கில்லர்ஸின் மிஸ்டர் பிரைட்சைட் பிரிட்டனில் பத்தாம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. ஆனால் முதல் நூறில் 400 வாரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. இவை எல்லாம் பாட்டின் ஆயுள். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. பேண்டின் ஆயுளைப் பார்க்க வேறு கேள்விகள் கேட்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? அதே செயலியிலேயே பார்க்கலாம். பேண்டின் பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் பத்துப் பாட்டுகளின் கேட்பு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிக எண்ணிக்கையைக் குறைந்ததால் வகுங்கள். மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்றால் ஆட்கள் பேண்டைக் கேட்கிறார்கள். இருபது முப்பது மடங்கு என்றால் அவர்கள் கேட்பது ஒரு பாட்டை. அடுத்து, அந்தப் பத்தும் எத்தனை ஆல்பங்களிலிருந்து, எத்தனை வருஷ இடைவெளியில் வந்தவை என்று பாருங்கள். பிறகு சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடப்பட்ட பாட்டாக வராத பாட்டு எத்தனை என்று எண்ணுங்கள், எனக்கு இதுதான் முக்கியமான சோதனை. சிங்கிளாக வராத பாட்டை வானொலி திணித்திருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் ஆட்களே ஆல்பத்துக்குள் போய் எடுத்திருக்கிறார்கள். ஒரே பாட்டு ரீமாஸ்டர் (பழைய பதிவை மறுபடி மெருகேற்றிய பதிப்பு), லைவ், தொகுப்பு ஆல்பம் என்று பிரிந்து கிடந்தால் சேர்த்துக் கூட்டுங்கள். சமீபத்தில் படத்திலோ தொடரிலோ வந்த பாட்டாக இருந்தால் ஆறு மாதம் விட்டு மறுபடி பாருங்கள். அலை வடிந்த பிறகு பக்கத்துப் பாட்டுகளின் எண் உயர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பீட்டில்ஸை இப்படிப் பார்த்தால், ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய பாட்டுகளில் அதிகம் கேட்கப்படுவது ஹியர் கம்ஸ் த சன். 1969இல் ஆபி ரோடு ஆல்பத்தில் வந்தபோது அது சிங்கிளே அல்ல. முதலிடம் பிடித்த அத்தனை பாட்டுகளையும் விட்டுவிட்டு, ஒரு புதுத் தலைமுறை ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அதை எடுத்திருக்கிறது. ஃப்ளீட்வுட் மேக்கும் அப்படித்தான். 2020இல் ஸ்கேட்போர்டில் போகிற ஒருவரின் டிக்டாக் வீடியோவால் 1977இன் ட்ரீம்ஸ் மறுபடி அமெரிக்கப் பட்டியலில் 12ஆம் இடத்துக்கு வந்தது. வந்தவர்கள் அங்கேயே நிற்கவில்லை. ரூமர்ஸ் ஆல்பமே முதல் பத்துக்குள் திரும்பியது. த செயின், 1975இன் லேண்ட்ஸ்லைட், 1987இன் எவ்ரிவேர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். மெட்டாலிகாவின் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் எட்டரை நிமிடப் பாட்டு. 1986இல் வந்தது, ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரால் 2022இல்தான் முதல் தடவையாக அமெரிக்கப் பாட்டுப் பட்டியலான ஹாட் 100க்குள் நுழைந்தது. அப்படி வந்தவர்களுக்குக் கேட்க முழு ஆல்பங்கள் காத்திருந்தன.

இங்கே இன்னொரு பக்கத்திலிருந்தும் கல் வரும் என்று தெரியும். 'தொடர் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் ரசிகர்களா?' என்று கேட்கும் பழைய ரசிகர்கள். ஆமாம், அவர்களும் ரசிகர்கள்தான். எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பது பிரச்சினையே இல்லை. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை.

விளம்பரத்தால் எதையும் நிலைக்க வைக்கலாம் என்பவர்கள் யு2வைப் பாருங்கள். 2014 செப்டம்பரில் ஐடியூன்ஸ் கணக்கு வைத்திருந்த 50 கோடி பேருக்குக் கேட்காமலே புது ஆல்பத்தைக் கொடுத்தார்கள். எரிச்சல்தான் மிஞ்சியது, நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனிப் பக்கம் திறக்க வேண்டி வந்தது. யு2 இன்றும் நிற்பது ஜாஷுவா ட்ரீயாலும் அக்டங் பேபியாலும்தான். மாறாக கிங்க்ஸ். 1965 முதல் 1969 வரை அமெரிக்காவில் மேடை ஏற முடியாதபடி தடை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பேண்டுக்கு அந்த நான்கு வருஷம் எல்லாமே. அந்த இழப்பை இன்றைய எண் எப்படிக் காட்டும்?

சப்பாத்துக்கு வருகிறேன். 'யார் அது?' என்று கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாமல் இருப்பது தப்பல்ல. தெரிந்துகொள்ள மாட்டேன் என்பதைப் பெருமையாகச் சொல்வதும், அதற்குக் கூட்டமாகச் சிரிப்பதும்தான் உறுத்துகிறது. சப்பாத்தின் கிடார் கலைஞர் டோனி அயோமி இடது கைக்காரர். தொழிற்சாலை விபத்தில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன, அதாவது கிடார் கழுத்தில் கம்பியை அழுத்துகிற விரல்கள். நுனிக்குத் தானே மூடி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகள் போட்டார். பிறகு அழுத்தம் இன்னும் குறைய, 1971இன் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில் கிடாரை மூன்று அரைச் சுரம் கீழே இறக்கினார். கம்பி தளர்ந்தது, ஒலி கனத்தது. இன்று கனமான ராக் வாசிக்கும் எந்தப் பேண்ட் கிடாரைக் கீழே இறக்கி வாசித்தாலும் அந்த விரல்கள் அதில் இருக்கின்றன. பட்டியலில் மேலே இருக்கும் மெட்டாலிகாவைக் கேட்டுப் பாருங்கள், 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில் சப்பாத்தின் கடைசி நிகழ்ச்சியில் அவர்கள் ஏன் வந்து வாசித்தார்கள் என்று சொல்வார்கள். பதினேழு நாள் கழித்து சப்பாத்தின் பாடகர் ஓஸி இறந்தார். இந்த மனிதர்களைத்தான் செத்த பேண்ட் என்று எழுதிச் சிரிக்கிறீர்கள்.

மாதக் கேட்போர் கணக்கில் இப்படிப்பட்ட தாக்கம் எந்தக் கட்டத்தில் வரும்? லெட் செப்பலினின் வென் த லெவி பிரேக்ஸ் டிரம்ஸை மாடிப்படிக்குக் கீழே வைத்து, மேல் மாடியிலிருந்து இரண்டே மைக் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்தத் துண்டை ஹிப்ஹாப் கலைஞர்கள் எத்தனை பாட்டுகளுக்கு வெட்டி எடுத்தார்கள். செப்பலின் பெயரே தெரியாமல் அதன் டிரம்மர் போன்ஹமின் அடியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

'கேட்டுப் பார்த்தோம், சத்தம் சப்பென்று இருக்கிறது' என்று சொன்னவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, இது நியாயமான குறை. நீங்கள் கேட்டது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல ரீமாஸ்டர்களில் சத்தத்தைக் கூட்ட உச்சங்களை நசுக்கிவிட்டார்கள். செயலி எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சரிக்கட்டும்போது, நசுக்கிய பாட்டு கீழே இறக்கப்படும். சத்தமும் கிடைக்காது, டிரம்ஸின் அடியும் போய்விடும். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் டெத் மேக்னெட்டிக்கிலேயே இந்தக் கோளாறு இருந்தது. கிடார் ஹீரோ விளையாட்டில் வந்த வடிவம் ஆல்பத்தைவிடத் தெளிவாக இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். ஆல்பம் அல்லது பாட்டின் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் ரீமாஸ்டர் என்று போட்டிருக்கும், வேறு பதிப்பு இருந்தால் மாற்றிக் கேளுங்கள். செப்பலினின் 2014 பதிப்புகள் அதன் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ் உட்கார்ந்து செய்தவை, நம்பிக் கேட்கலாம்.

பாடகர் மாறினால் அது அதே பேண்டா என்றும் கேட்டிருந்தார்கள். ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார், ஜூலையில் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு பேக் இன் பிளாக் ஆல்பம் வந்தது. வேறு பதில் வேண்டுமா?

என் கணக்கில் பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட், குயீன், ஃப்ளீட்வுட் மேக், மெட்டாலிகா, ஏசி/டிசி சந்தேகமில்லாமல் நிலைத்தவை. மூன்றே ஸ்டுடியோ ஆல்பம் போட்ட நிர்வாணாவும். சப்பாத்தும் செப்பலினும் வேறு வழியில் நிலைத்தவை. ஓயாசிஸ் 2025இல் திரும்பி வந்தபோது வாசித்தவற்றில் பெரும்பங்கு முதல் இரண்டு ஆல்பங்களும் சிங்கிள்களின் பின்பக்கப் பாட்டுகளும். பின்பக்கப் பாட்டை மைதானமே சேர்ந்து பாடுகிறது என்றால் நான் சொன்ன சோதனையில் அவர்கள் தேறிவிட்டார்கள். லிங்கின் பார்க்கை மட்டும் இப்போது சொல்ல மாட்டேன். அவர்களுடைய முதல் ஆல்பம் ஹைப்ரிட் தியரி நிலைத்துவிட்டது. ஆனால் 2024இல் புதுப் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங்கோடு வந்த ஃப்ரம் ஜீரோ ஆல்பத்தின் பாட்டுகள் இன்னும் பத்து வருஷம் கழித்து, பேண்ட் ஊர் ஊராகச் சுற்றாத ஒரு வருஷத்தில் எத்தனை பேர் காதில் ஓடுகின்றன என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.