பேண்ட் கேப் எலக்ட்ரானோட சொத்து இல்லீங்க

பிளஸ் டூ பிசிக்ஸ்ல பேண்ட் கேப் நடத்தற லட்சணத்த பாத்தா எனக்கு வருஷா வருஷம் பத்திக்கிட்டு வருது. சிலிக்கானுக்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட், ஜெர்மானியத்துக்கு 0.7, எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல்னு மேல ஒரு பட்டை கீழ ஒரு பட்டை, நடுவுல எலக்ட்ரான் இருக்கவே முடியாத ‘விலக்கப்பட்ட இடைவெளி’ (அதான் பேண்ட் கேப்), மனப்பாடம் பண்ணு, மார்க் வாங்கு, முடிஞ்சுது. யார் விலக்குனா, ஏன் விலக்குனான்னு ஒரு பையன் கேட்டா ‘அதெல்லாம் காலேஜ்ல வரும், உக்காரு’.

அது எலக்ட்ரான் சமாச்சாரமே இல்லீங்க, அலை சமாச்சாரம். ஒரே இடைவெளில திரும்பத் திரும்ப வர்ற அமைப்புக்குள்ள எந்த அலைய விட்டாலும் இந்த கேப் தலை காட்டும். படிகத்துக்குள்ள எலக்ட்ரான் அலையா எப்படி ஓடும்னு இயற்பியலாளர் பெலிக்ஸ் ப்ளாக் கணக்கு போட்டது 1928ல, ஆனா இந்த மாதிரி அமைப்புல அலை எங்க தடைபடும்னு இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு 1887லயே எழுதிட்டாரு. சரியா நூறு வருஷம் கழிச்சு 1987ல இயற்பியலாளருங்க யாப்லோனோவிச்சும் நம்ம கேரளாவுல பொறந்த சஜீவ் ஜானும் தனித்தனியா ஒளிக்கும் அதே மாதிரி படிகம் செய்யலாம்னு சொன்னாங்க. 1991ல யாப்லோனோவிச் குழு ஒரு கட்டிய எடுத்து மூணு சாய்வுல ஓட்டை ஓட்டையா ட்ரில் போட்டு, மைக்ரோவேவ் (அதுவும் ஒளி ஜாதி அலைதான், அலைநீளம் மட்டும் பெருசு) எந்தப் பக்கம் இருந்தும் உள்ள நுழைய முடியாதபடி செஞ்சு காட்டுனாங்க. ட்ரில்லிங் மிஷின்ல செஞ்ச ‘செமிகண்டக்டர்’!

கேப் எப்படி வருதுன்னா, ஒரு அடுக்குல இருந்து அடுத்த அடுக்கு வரைக்கும் உள்ள தூரம் உள்ள ஓடற அலையோட அலைநீளத்துல பாதியா இருக்கும்போது ஒவ்வொரு அடுக்குல இருந்தும் திரும்பி வர்ற அலை ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போய் கூடிக்கிட்டே வரும், அதனால முன்னாடி ஓட்டம் நின்னு நிலை அலை ஆயிடும். அந்த நிலை அலை ரெண்டு விதமா நிக்கலாம், முகடு அடர்த்தியான பொருள்ல விழுந்தா அதிர்வெண் கம்மி, காத்து இடைவெளில விழுந்தா அதிகம். நடுவுல இருக்கற அதிர்வெண்ணுக்கு உள்ள எடமே கிடையாது. அணு மேல முகடு, அணுக்களுக்கு நடுவுல முகடுன்னு மாத்தி சொல்லிப்பாருங்க, அப்படியே எலக்ட்ரான் கதை.

நம்ம சேலம் குரும்பப்பட்டி பக்கம் மயில் தொல்லை தாங்கலன்னு தோட்டக்காரங்க புலம்பறாங்கல்ல, அங்க கீழ கெடக்கற ஒரு இறகை எடுத்து வெயிலுக்கு நேரா புடிச்சு பின்னாடி இருந்து பாருங்க, பளபளப்பெல்லாம் போய் வெறும் பழுப்பு. உள்ள இருக்கற நிறமி மெலனின் மட்டும்தான், அந்த மெலனின் குச்சிங்க நீலம் வர்ற எடத்துல சுமார் 140 நானோமீட்டர், பச்சைல 150ன்னு இடைவெளி விட்டு வரிசையா நிக்குது, அந்த வரிசைதான் நிறத்தை திருப்பி அனுப்புது. திருச்சில பொறந்த சி.வி.ராமனே ஓபல் கல்லு, கிளிஞ்சல், பறவை இறகுன்னு இந்த வகை நிறங்களை உக்காந்து ஆராய்ஞ்சிருக்காரு, நம்ம பாடத்துல அவர் பேர் வர்றது ராமன் விளைவுக்கு மட்டும்.

ஒளி எலக்ட்ரான் மாதிரியே எல்லாத்தையும் செஞ்சிடும்னு சொல்லல. போட்டானுக்கு மின்னூட்டம் இல்ல, ஒரு நிலைல எத்தனை பேர் வேணா உக்காரலாம், அதனால பட்டை ‘நிரம்பறது’ங்கற பேச்சே இல்ல. அந்தப் பாதிக்கு எலக்ட்ரான்தான் வேணும். ஆனா கேப் வரைக்கும் புரிய வைக்க ஒளியே போதும்.

இதுக்கு கோடி ரூபா லேப் வேண்டாங்க. சேலம் சுத்துவட்டார இன்ஜினியரிங் காலேஜ்ல இசிஇ டிபார்ட்மென்ட் இருந்தா பழைய எக்ஸ் பேண்ட் பெஞ்ச் (மைக்ரோவேவ் சோதனை மேஜை) ஒண்ணு இருக்கும், மைக்ரோவேவ் உண்டாக்கற க்ளைஸ்ட்ரான், அத அனுப்பவும் வாங்கவும் புனல் மாதிரி ரெண்டு ஹார்ன் ஆன்டெனா, வருஷத்துல ப்ராக்டிகல் அன்னைக்கு மட்டும் உயிர் வரும். 10 கிகாஹெர்ட்ஸ்க்கு அலைநீளம் 3 சென்டிமீட்டர். 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் ஆறு, நடுவுல 7 மில்லிமீட்டர் இடைவெளி, ரெண்டு ஹார்னுக்கும் நடுவுல நிறுத்துங்க. ஒரு ஷீட் மட்டும் வெச்சா நூத்துல எண்பது பங்கு தாண்டிப் போகும். சும்மா பெருக்கிப் பாத்தா ஆறு ஷீட்டுக்கு கால் பங்காவது வரணுமில்ல? கணக்குப்படி வர்றது நூத்துல ரெண்டு பங்குக்கும் கம்மி. நடுவுல ஒரு எடத்துல மட்டும் காத்து இடைவெளிய டபுளாக்கி பாருங்க, அடைபட்ட அதே அதிர்வெண் பக்கத்துல ஒரு சின்ன ஜன்னல் திறந்து அலை தாண்டிப் போயிடும், செமிகண்டக்டர்ல வேற அணுவ கொஞ்சம் கலந்து கேப்புக்குள்ள புது நிலை உண்டாக்கற டோப்பிங்குக்கு இதுதான் ஒளியோட பதில்.

அஞ்சு ரோடு பக்கம் போர்டு செய்யற கடைல ஷீட் வெட்டித் தருவாங்க. லேப் சாவி வெச்சிருக்கற வாத்தியாருங்க யாராச்சும் இதப் படிச்சா இன்பாக்ஸ் வாங்க, ஷீட் செலவு என்னோடது, பிளஸ் டூ பசங்கள நான் கூட்டிட்டு வர்றேன்.