28 நாள் தவறினால் நீர்க்கட்டியா?

"மாதவிடாய் சரியாக 28 நாளில் வராவிட்டால் கர்ப்பப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, குழந்தை பிறக்காது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

28 என்பது சராசரிக் கணக்கு, அவ்வளவுதான். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பே. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 45 நாள் வரைகூடப் போகலாம். மூளையிலிருந்து, கருமுட்டை வளரும் சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் கட்டளைகள் சீராவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது. பதிமூன்று வயதுப் பிள்ளையை இதைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள், பாவம்.

சரி, அந்த நீர்க்கட்டி? அது இருக்கும் இடம் சினைப்பை, கர்ப்பப்பை அல்ல. பிசிஓஎஸ் (PCOS) எனும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு ஸ்கேனில் தெரிபவை பெரும்பாலும் முழுதாக வளராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகள். அவை தெரிந்தாலே பிசிஓஎஸ் ஆகிவிடாது. வளரிளம் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து அந்த முடிவுக்கு வரக் கூடாது என்றே 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பிசிஓஎஸ் இருந்தாலும் பலர் தாயாகிறார்கள், சிலர் சிகிச்சையோடு.

தைராய்டு, திடீர் எடைக் குறைவு, தாய்ப்பால் கொடுப்பது, மாதவிடாய் நிற்பதற்கு முன் நாற்பதுகளில் வரும் மாற்றம் ஆகியவற்றாலும் மாதவிடாய் தள்ளிப்போகும். கருத்தரிக்க வாய்ப்பிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். 'ஒழுங்காக வராததால் கரு நிற்காது' என்று நம்பி இருந்துவிட வேண்டாம். மூன்று மாதம் வராமலிருந்தாலோ, ஏழு நாளைத் தாண்டி உதிரம் போனாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.