எட்டு எழுத்து போதாது

‘எட்டு எழுத்தில் கடவுச்சொல் வைத்தால் போதும்’ என்று கடவுச்சொல் பாதுகாப்பு பற்றி நான் படித்த கட்டுரை கூறுவதை ஏற்க இயலவில்லை. வேலூர் லாங் பஜாரில் வாங்கிய பெட்டியின் மூன்று இலக்கப் பூட்டு எண்ணை மறந்துவிட்டு, 000 முதல் வரிசையாகத் திருப்பியே அரை மணி நேரத்திற்குள் திறந்தவன் நான். அங்கே மொத்தமே 1,000 சேர்க்கைகள்தாம். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டுக்கு ஏறத்தாழ 20,900 கோடி சேர்க்கைகள் உண்டு என்றாலும், இணையதளத்திலிருந்து கசிந்த கோப்பிலுள்ள ஹேஷ்கள் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதிலிருந்து கணக்கிட்டுச் சேமிக்கும் குறியீடுகள்) எம்டி5 போன்ற வேகமாகக் கணக்கிடும் முறையில் அமைந்திருந்தால், ஒரே கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பல நூறு கோடி வீதம் ஒப்பிட்டுவிடுவதால், அது சில நிமிட வேலையே. இன்னும் நான்கு எழுத்துகளைக் கூட்டினால் உழைப்பு 4,56,976 மடங்காகிறது. மூன்று தவறுக்குப் பின் கணக்கைப் பூட்டிவிடும் இணையதளத்தின் நுழைவுப் பக்கத்தில் இந்த வேகம் செல்லாது என்பதையும் கட்டுரை பிரித்துக் காட்டியிருக்கலாம்.

தகவலை மறையாக்கம் செய்யும் சாவிகளுக்கும் இதே கணக்குத்தான். டிஇஎஸ் என்ற பழைய மறையாக்க முறையின் 56 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) சாவியை 1998-இல் இஎஃப்எஃப் என்ற அமெரிக்க இணைய உரிமை அமைப்பு கட்டிய தனி இயந்திரம் மூன்று நாளுக்குள் கண்டுபிடித்தது. அதற்குப் பின் வந்த ஏஇஎஸ் முறையின் 128 பிட் சாவியோ அதைவிட 72 பிட் நீளமானது, ஒவ்வொரு பிட்டும் தேடலை இரட்டிப்பாக்கும். ஆனால் ‘வேலூர்123’ என்று ஆங்கிலத்தில் தட்டி வைப்பவருக்கு (எங்கள் தெருவிலேயே சிலர் உண்டு) இந்த நீளக் கணக்கு எதுவும் உதவாது. தாக்குபவர் முதலில் ஓட்டுவது ஊர்ப்பெயர்களும் எண்களும் கோத்த பட்டியலைத்தான்.