உங்கள் வீட்டு ரவுட்டரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை

வானமே தெரியாத அடித்தளக் கடையில் நின்றாலும் செல்பேசி வரைபடத்தின் நீலப் புள்ளி ஏறக்குறைய சரியான இடத்தில் நிற்கிறது. செயற்கைக்கோள் சமிக்ஞை அங்கே எட்டாது. செல்பேசிக் கோபுரம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி விடை. கோபுரத்தை மட்டும் நம்பினால் கிலோமீட்டர் கணக்கில்கூடத் தவறலாம். கடை வாசல்வரை கொண்டுவந்து விடுவது வைஃபை.

ஒவ்வொரு வைஃபை ரவுட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. நொடிக்குச் சுமார் பத்து முறை அதை அறிவித்துக்கொண்டே இருக்கும். கேட்பதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. செல்பேசி தனக்கு எட்டும் எண்களையும் அவற்றின் சமிக்ஞை வலிமையையும் கொண்டு, எந்த எண் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மாபெரும் பட்டியலின் துணையோடு இடத்தைக் கணிக்கிறது. 2007இல் வந்த முதல் ஐபோனில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. மறு ஆண்டு ஜனவரியில் அது இடம் காட்டத் தொடங்கியபோது, கைகொடுத்தவற்றில் ஒன்று ஸ்கைஹுக் நிறுவனம் தெருத்தெருவாக வண்டி ஓட்டித் திரட்டிய பட்டியல். இன்று அந்த வேலையை நம் செல்பேசிகளே செய்கின்றன.

அருமையான நுட்பம், மறுக்கவில்லை. என் கோபம் வேறு. என் செல்பேசியில் இருப்பிட வசதியை நான் அணைத்து வைக்கலாம். என் ரவுட்டரை அது காப்பாற்றாது. வாசலில் கடந்துபோகும் யாரோ ஒருவரின் செல்பேசி அதைக் குறித்துக்கொண்டு போய்விடும். என்னிடம் யார் கேட்டார்கள்?

இது வெறும் கற்பனைப் பயமன்று. மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிக் ரையும் டேவ் லெவினும் 2024இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். ஆப்பிளின் சேவையிடம் ஓர் எண்ணைக் கேட்டால், அக்கம்பக்கத்தில் உள்ள நானூறு எண்கள் வரை இருப்பிடத்தோடு சேர்த்துத் தந்தது. அதை வைத்தே உலகெங்கும் இருநூறு கோடிக்கும் மேற்பட்ட ரவுட்டர்களின் இடத்தை அவர்கள் திரட்டிவிட்டார்கள். உக்ரைன் போர்முனையில் ஸ்டார்லிங்க் என்னும் செயற்கைக்கோள் இணையச் சேவையின் கருவிகளின் நடமாட்டமும், காசாவில் ரவுட்டர்கள் மறைந்துபோவதும் அதில் தெரிந்தன. கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி, ரவுட்டரையும் எடுத்துக்கொண்டு வேறு ஊரில் குடியேறும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை அவன் குறித்து வைத்திருந்தால் போதும்.

நிறுவனங்கள் தரும் தீர்வு என்ன தெரியுமா? வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் ‘நோமேப்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். கூகுள் 2011இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆப்பிள் 2024இல்தான் ஏற்றது. எத்தனை வீடுகளில் இது தெரியும்? வேண்டாம் என்பவர் விதியைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயரை மாற்ற வேண்டுமாம். எடுத்துக்கொள்பவர் எதுவும் கேட்க வேண்டியதில்லையாம். இந்த முறையே தலைகீழாக மாற வேண்டும். சம்மதித்தவரின் ரவுட்டர் மட்டுமே பட்டியலில் ஏற வேண்டும்.

அதற்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடையாள எண்ணை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும்படி ரவுட்டரையே வடிவமைக்கலாம். ஸ்டார்லிங்க் கருவிகளுக்கு மென்பொருள் வழியாகவே இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். நம் வீடுகளில் இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்கள் ஏன் செய்யக் கூடாது? இணைப்பைப் புதுப்பிக்க அழைக்கும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.