நன்றி சொன்னார்களாம்

வெள்ளத்தில் ஒன்று விழுந்தால் அடுத்தடுத்து என்னவெல்லாம் விழும் என்று எங்கள் ஊரை வைத்து வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்து, நேற்று டர்பனில் கூட்டம் போட்டுக் காட்டினார்கள். அங்கே நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து ஆளாளுக்கு "விடுங்கக்கா, பெரிய ஆளுங்க" என்று ஆறுதல் சொல்லியே எழுத வைத்துவிட்டீர்கள்.

ஆய்வின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2003 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் மின்கம்பி மரத்தில் பட்டது. கிட்டத்தட்ட இத்தாலி முழுவதும் இருண்டது. இதையெல்லாம் நாடுகள் சேர்ந்துதான் ஆராய முடியும். சரி. ஆனால் கேள்விகளைத் தயாரிக்கும்போதே எங்களைக் கூப்பிடுங்கள். விடையை மட்டும் வாங்கிப்போக வராதீர்கள்.

கூட்டத்துத் திரையில், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்திலிருக்கும் எங்கள் டோங்காட் ஊர் ஒரு சிவப்புப் புள்ளி. வெள்ளம், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம், வீடுகள் என்று நடுவில் இரண்டு அம்பு. அவ்வளவுதான்!

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மாதக்கணக்கில் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி எங்கே நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நீண்டால் செல்போன் கோபுரத்து பேட்டரி இறங்கி சிக்னல் போய்விடும். கரண்ட் வந்ததும் செய்திகள் மொத்தமாக வந்து விழும்: "லாரி கோயில் பக்கம் நிற்கிறது." அது போய் ஒரு மணி நேரமாகியிருக்கும். முட்டிவலியோடு அம்மா காலி வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார். தண்ணீர் சேர்த்துவைக்கும் பெரிய ஜோஜோ தொட்டி வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. வெள்ளம், தண்ணீர், மின்சாரம், போன், அம்மாவின் முட்டி. இந்தச் சங்கிலியில் பாதி அந்த ஆய்வாளர்கள் படத்திலேயே இல்லை. ஏன்? கேட்கவில்லை.

"நீ என்ன விஞ்ஞானியா?" இல்லை. லாரிக்கு வரிசையில் நின்றவள்.

"அவங்க பணம், அவங்க ஆய்வு." பணம் அவர்களுடையது, தாகம் யாருடையது?

"இத்தாலி இருட்டை வைத்து 2010இல் நேச்சர் இதழில் கணக்குப் போட்டதும் பாஸ்டன்காரர்களும் இஸ்ரேல்காரர்களும்தானே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஆனால் தம்பி, அதற்கு முன்பே இத்தாலிய ஆய்வாளர்கள் தங்கள் மின்வலையையும் இணையவலையையும் சேர்த்து மாதிரி செய்திருந்தார்கள். நம் பக்கத்திலும் பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள், மோட்டார் ரூமில் இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் இருக்கிறார்கள். நேற்றைய ஆய்வுக் கட்டுரையில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் "உள்ளூர் மக்களுக்கு நன்றி". ரொம்ப சந்தோஷம்.

இதில் நம் சங்கத்துக்காரர்கள் ஓடிப்போய் பொன்னாடை போர்த்தினார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. லாரி வராத நாளில் இவர்களில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள்? நான் எழுந்து கேட்டபோது "நேரமில்லை" என்று மைக்கை வாங்கியதும் நம் ஆள்தான். வெள்ளைக்காரர்கூட "பேசட்டுமே" என்றார்.

அடுத்த கட்ட ஆய்வுக்குப் புதிய படிவம் அனுப்பியிருக்கிறார்கள். கேள்விகள் எல்லாம் ஏற்கெனவே அச்சாகிவிட்டன. நான் நிரப்பப்போவதில்லை. சங்கத் தலைவர் நிரப்பட்டும், அவர் வீட்டில் ஜோஜோ தொட்டி இருக்கிறது.